பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு மெஸ்

சங்கத்து அண்ணன்மார், ஆச்சிமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

தை மாதம் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம், கல்யாண வீட்டுச் சாப்பாடு போக ஒரு வேளையாவது பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று குவைத்திலிருக்கும் நம்ம அண்ணன் கேட்டிருந்தார். காரைக்குடியில் ‘பங்களா’ என்கிற ஓட்டல் இருக்கிறது. மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி நடத்திப் பேர் வாங்கித் தந்த இடம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் இலை போட்டு முறையாகப் பரிமாறுவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கம் சாலையோரத்தில் இருக்கிற ஒரு மெஸ். இந்தத் தடவை ஊரில் இருந்தபோது மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான்.

ஓட்டுக் கட்டடம், நீள பெஞ்சு, சுவரில் போன வருஷத்துக் காலண்டர். போர்டு எழுத்து வெயிலில் வெளுத்துப்போய்ப் படிக்க முடியாது. நடத்துகிறவர் முன்பு கல்யாண வீடுகளில் கோட்டை அடுப்பு, அதாவது பந்திக்கான நீள விறகடுப்பு, போட்டுச் சமைத்தவர். இப்போது அவர் வீட்டம்மாதான் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறார். குழம்பு மட்டும் இன்னும் விறகில். மசாலா அம்மியில்தானா என்று கேட்டேன். “அம்மிக்கு ஆள் எங்கண்ணே கெடைக்குது, கிரைண்டர்தான்” என்றார். அம்மி என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்!

முக்கியமாக ஒன்று: காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாம் இருக்கிற ஊர்களிலெல்லாம் ‘சிக்கன் செட்டிநாடு’ என்று ஒன்று தருகிறார்கள், தெரியுமே. கருப்பாக, மேலே எண்ணெய் மிதக்க, மிளகாய் நாக்கைப் பிடுங்கும். நம் செட்டிநாட்டு வீடுகளில் யார் அப்படி ஒரு பேர் சொல்லிச் சமைத்தார்கள்? கோழிக்குழம்பு உண்டு, கோழி வறுவல் உண்டு, அவ்வளவுதான். இந்த மெஸ்ஸில் உப்புக்கறி சாப்பிட்டுப் பாருங்கள். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதையைத் தட்டிவிட்ட காய்ந்த மிளகாய், மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. வெங்காயம் கரைந்து கறியில் ஒட்டுகிற வரை சின்னத் தீயில் விடுகிறார்கள், ருசி அங்கேதான் வருகிறது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், மிளகாயை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

கோழிக்குழம்பில் கல்பாசி என்கிற வாசனைப் பொருள் போடுகிறார்கள், ஆனால் கொஞ்சம்தான். கையில் எடுத்து மோந்தால் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் வாசம் எழும்பும். கூடினால் கசந்துவிடும். வெளியூர்க் கடைகளில் இதையும் மராட்டி மொக்கு என்கிற இன்னொரு மசாலாச் சாமானையும் அள்ளிப் போட்டுவிட்டு அதுதான் செட்டிநாடு என்கிறார்கள். சரி, அவர்கள் வியாபாரம், விடுங்கள்.

வறுவல் வகைகளை ஒரு பெரிய தட்டில் அடுக்கி இலைக்கு இலை கொண்டுவந்து காட்டுவார்கள். காடை, நண்டு, சுக்கா, சுறாப்புட்டு எல்லாம் இருக்கும். கடல் ரொம்பத் தூரமில்லை என்பதால் தொண்டி, கோட்டைப்பட்டினம் மீன் அன்றன்றைக்கு வந்துவிடுகிறது. தட்டில் இருப்பதற்குத் தனி விலை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கை நீட்டுவதையெல்லாம் வாங்கினால் பில் எகிறிவிடும். குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல் எல்லாம் இலைச் சாப்பாட்டிலேயே அடக்கம், எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள்.

என்னைக் கேட்டால் சைவ நாளில் போவதுதான் விசேஷம். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கார்த்திகைக்கு அங்கே கறி கிடையாது. அன்றைக்குத்தான் அந்த அம்மாவின் கைப்பக்குவம் தெரியும். வெண்டைக்காய் மண்டி இருக்கிறதே, அரிசி கழுவின கெட்டித் தண்ணீரில் புளியைக் கரைத்துவிட்டு, வழுவழுப்புப் போக வதக்கிய வெண்டைக்காயோடு மொச்சையும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. நம்மூர்ச் சிக்கனமும் ருசியும் சேர்ந்த பதார்த்தம் அதுபோல் வேறு இல்லை. எந்த ஓட்டல் மெனுவிலும் நான் இதைப் பார்த்ததில்லை. காலம் பார்த்துப் போனால் பலாமுசு, அதாவது பிஞ்சுப் பலாக்காய், பிரட்டலும் கிடைக்கும். சைவ நாள் என்று தெரிந்ததும் காரைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களை நானே பார்த்தேன், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கவுனி அரிசி என்கிற கருப்பு அரிசியில் இனிப்பு செய்கிறார்கள். முதல் நாள் இரவே ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறுவது. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களோடு நம்மூருக்கு வந்த அரிசி. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது அங்கே கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தச் சொத்துகள் போனது போனதுதான், இந்த அரிசி மட்டும் கல்யாணப் பந்தியில் நின்றுவிட்டது. இதைப் பிள்ளைகளுக்கு இலையில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம், மாளிகை மாளிகையாகக் கூட்டிப்போய்ச் சொல்வதைவிடக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஏசி கிடையாது. கழிப்பறை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, வயதான ஆச்சிமாரைக் கூட்டிப்போகிறவர்கள் முன்னாலேயே யோசித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும், இரண்டு மணிக்கு மேல் உப்புக்கறி இருக்காது. பத்துப் பேருக்கு மேல் என்றால் முதல் நாளே போன் செய்துவிடுங்கள். வெளிநாட்டு கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கம் வேண்டும். போன் நம்பரைக் குழுவில் போடவில்லை, வேண்டுகிறவர்கள் எனக்குத் தனிமடல் போடுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து