1914-இல் போர் தவிர்க்க முடியாததாக இருந்ததா?

பொருநன்:
அமெரிக்க-சீனப் போட்டியைப் பற்றி எழுதுவோர் பலரும் 1914-க்கு முந்தைய பிரிட்டனையும் ஜெர்மனியையும் எடுத்துக்காட்டி, வளர்ந்துவரும் வல்லரசும் கோலோச்சும் வல்லரசும் மோதியே தீரும் என்கிறார்கள். கப்பற்படைப் போட்டிதான் அன்று போரைக் கொண்டுவந்ததா? தலைவர்கள் வேறுவிதமாக நடந்திருந்தால் அதைத் தவிர்த்திருக்க முடியுமா?

மாலுமி:
கப்பற்படைப் போட்டி பகையை வளர்த்தது உண்மைதான். 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்கள் மூலம் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டிர்பிட்ஸ் கட்ட முனைந்தது, தன்னோடு மோதினால் பெருஞ்சேதம் நேரும் என்ற அச்சத்தால் பிரிட்டனை இறங்கிவரச் செய்யும் ஒரு படையை. நடந்ததோ நேர்மாறு: பிரிட்டன் 1904-இல் பிரான்சுடனும் 1907-இல் ரஷ்யாவுடனும் பழைய பிணக்குகளைத் தீர்த்துக்கொண்டது, இடையில் 1906-இல், பழைய போர்க்கப்பல்களையெல்லாம் மிஞ்சிய ட்ரெட்நாட் போர்க்கப்பலையும் கடலில் இறக்கியது. 1912-க்குப் பிறகு ஜெர்மனியே தரைப்படைக்கு முன்னுரிமை தந்துவிட்டதால், போர் மூளும்போது கடற்போட்டியில் யார் முந்தினார் என்ற கேள்விக்கு ஏறத்தாழ விடை கிடைத்திருந்தது. ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல்கள் போர்க்காலத்தின் பெரும்பகுதியைத் துறைமுகத்திலேயே கழித்தன. (1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் அந்தப் படையைச் சேர்ந்ததன்று, கிழக்காசியப் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு குரூசர்.)

தேன்மொழி:
மாலுமி சொல்வதோடு உடன்படுகிறேன்; ஆனால் உண்மையான சிக்கல் ரயில் அட்டவணையில் இருந்தது. 1914 ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டனும் பிரான்சும் ஒதுங்கி நிற்கக்கூடும் என்ற பொருள்பட லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து தந்தி வந்ததும், ஜெர்மன் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் முழுப் படையையும் ரஷ்யாவுக்கு எதிராகக் கிழக்கே திருப்பச் சொன்னார். தலைமைத் தளபதி மோல்ட்கே, இலட்சக்கணக்கான வீரர்களை ரயில்களில் நகர்த்தும் ஏற்பாட்டை நின்ற நிலையில் மாற்ற இயலாது என்று மறுத்துவிட்டார். கிழக்கை மட்டும் நோக்கிய மாற்றுத் திட்டத்தைப் படைத்தலைமை 1913-லேயே கைவிட்டிருந்ததால், மன்னர் விரும்பினாலும் எடுத்துக்கொடுக்க வேறொரு திட்டம் இல்லை. சில மணி நேரத்தில் அந்தத் தந்தியே தவறான புரிதல் என்று தெரிந்தது. பெல்ஜியம் வழியாகப் பிரான்சைத் தாக்கும் திட்டப்படியே ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது, அன்றே பிரிட்டனும் போரில் இறங்கியது. திட்டத்தை வகுப்பவர் தளபதியாக இருக்கலாம். மாற்றுத் திட்டம் எங்கே என்று ஆண்டுக்கொருமுறையாவது கேட்க வேண்டியவர் நாட்டின் தலைவர்.

கரிகாலன்:
அப்படிக் கேட்ட தலைவரைப் பார்க்க 1962-இன் கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் போகவேண்டும். அக்டோபர் 27 அன்று கியூபாவின் மேல் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தபோது, அப்படி நேர்ந்தால் சுட்ட ஏவுகணைத் தளத்தைத் தாக்குவதென்று முன்பே பேசி வைத்திருந்தும் அமெரிக்க அதிபர் கென்னடி பொறுத்துக்கொண்டார். ஆனால் அவரை அளவுக்கு மீறிப் புகழவும் தயங்குகிறேன். அதே நாளில் சோவியத் நீர்மூழ்கி பி-59-இல் அணு ஆயுத டார்பிடோவை ஏவும் பேச்சு எழுந்தபோது அதைத் தடுத்தவராகக் கருதப்படும் வசீலி ஆர்க்கிபோவ் பற்றி வாஷிங்டனில் எவருக்கும் தெரியாது. மேலும், துருக்கியிலிருந்து அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாகச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுத்த வாக்கு பல ஆண்டுகள் மறைக்கப்பட்டதால், உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்ற தவறான பாடத்தை அமெரிக்கர் ஒரு தலைமுறையே கற்றது.

பொருநன்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் இன்றைய தைவான் நீரிணைக்கு 1914-ஐவிட 1962 பொருத்தமான ஒப்பீடா?

தேன்மொழி:
ஓரளவுக்குத்தான். 1962-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவின் கடிதம் வாஷிங்டனை அடைய மணிக்கணக்கானது. அந்த அனுபவத்தால்தான் 1963-இல் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்பட்டது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே இணைப்பு இருந்தும், எடுக்க ஆள் இல்லாமல் போனது: 2023 பிப்ரவரியில் சீன பலூன் சுட்டு வீழ்த்தப்பட்டதும் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பேச முயன்றபோது பெய்ஜிங் மறுத்துவிட்டது. 2022 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட உயர்மட்ட இராணுவப் பேச்சுகளைத் தொடர, 2023 நவம்பரில் அமெரிக்க, சீன அதிபர்கள் இருவரும் நேரில் சந்திக்க வேண்டியிருந்தது.