ஆதாம் பெயர் வைக்கட்டும் என்று கடவுள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார்?

கேள்வி: பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார், நடக்கிறது. பகல், இரவு, வானம், பூமி எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பதும் அவரே. ஆனால் 2:19-ல் மிருகங்களை ஆதாமிடம் கொண்டுவந்து, இவன் என்ன பெயர் வைப்பான் என்று பார்க்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எல்லாம் தெரிந்தவருக்கு இது எதற்கு?

பதில் 1: 1:28-லேயே 'ஆண்டுகொள்ளுங்கள்' என்று சொல்லியாயிற்றே. பொறுப்பைக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

பதில் 2: அவ்வளவுதானா? 2:19-க்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்கிறார். ஆதாம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. குறையைக் கவனித்தது அவர்தான். ஆனாலும் ஏவாளை உடனே கொண்டுவந்து நிறுத்தவில்லை. ஒவ்வொரு மிருகமாகப் பார்த்து, தனக்கேற்ற துணை இதில் இல்லை என்று அவனுக்கே உறைக்கட்டும் என்று விடுகிறார். இது என் வாசிப்பு, சண்டைக்கு வராதீர்கள்.

பதில் 3: 1:22-ஐ யாரும் பேசுவதில்லை. மனிதன் வருவதற்கு முந்தின நாளே மீன்களையும் பறவைகளையும் ஆசீர்வதிக்கிறார். நமக்கு உபயோகமா என்ற கணக்கே அங்கே கிடையாது.

கேட்டவர்: பதில் 2 சொல்வது ஒட்டுகிறது. அப்படியானால் 3:9-ல் 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கேட்பதும் இதே சுபாவம்தானே? ஆதாம் ஒளிந்திருக்கும் இடம் அவருக்குத் தெரியாதா என்ன!