இது மோரிஸ் மைனர் வேனா, பிக்கப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட் பக்கம், பழைய கித்தா (ரப்பர்) எஸ்டேட் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த வண்டி இது. பழைய இரும்புக்காரர் லோரியோடு வருவதற்குள் பேசி வாங்கிவிட்டேன். நம்பர் பிளேட் 'ஏ'வில் தொடங்குகிறது, பேராக் பதிவுதான்.

முகத்தைப் பார்த்தால் மோரிஸ் மைனர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்பக்கம் பாடிக்கு அடியில் தனி சேசிஸ் சட்டம் (இரும்பு ஃபிரேம்) ஓடுகிறது. சலூன் காருக்கு அது கிடையாது; வேனுக்கும் பிக்கப்புக்கும்தான் உண்டு. மேல் பாடி முழுக்க உளுத்துக் கொட்டிவிட்டதால் எது என்று பிடிபடவில்லை. சட்டத்தில் மிஞ்சிய போல்ட் ஓட்டைகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொரு குழப்பம். முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்தது, அதாவது 1956-க்கு முந்தைய மாடல். என்ஜினோ 948 சிசி. அந்தக் காலத்து வண்டிக்கு 803 சிசி அல்லவா வர வேண்டும்? யாரோ மாற்றியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

போனட்டுக்குள் ஃபயர்வாலில் (என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில்) இருந்த சேசிஸ் நம்பர் தகடு காணோம், ரிவெட் ஓட்டை மட்டும்தான். சேசிஸ் நம்பரை வேறு எங்கே தேடலாம்? ஈப்போ, தைப்பிங் வட்டாரத்தில் முன் டோர்ஷன் பார் (சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) வைத்திருப்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். "பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்து" என்கிற யோசனை மட்டும் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.