15 கஜத்தில் சுட்ட மான் காலையில்தான் கிடைத்தது: குண்டு சரியில்லையா, நான் சரியில்லையா?

மலைச்சரிவு (தென்கிழக்கு ஓஹையோ)

ஓஹையோ ஜனவரி மஸில்லோடர் (மருந்தும் குண்டும் குழாயின் வாய் வழியாகப் போடும் துப்பாக்கி) சீசனில் எனக்கு இது இரண்டாவது வருஷம். போன தடவை மானையே பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்தேன், சுட்டேன். கிடைத்தது என்றும் சொல்லலாம், கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம்.

இடம் வின்டன் கவுன்ட்டியில் ஒரு பண்ணை. சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார். மரத்தில் 18 அடி உயரத்தில் பரண். துப்பாக்கி .50 இன்லைன், அதாவது புதுவகை மஸில்லோடர். வெடிமருந்து 50 கிரெயின் (மருந்தும் குண்டும் அளக்கும் சின்ன அலகு) வில்லை மூன்று, மொத்தம் 150. கடையில் இருந்தவர் “மூன்று போட்டால்தான் பவர்” என்றார், நானும் போட்டேன். குண்டு 295 கிரெயின், மெல்லிய செம்பு முலாம் பூசிய மெத்தென்ற ஈயம், முனையில் குழி. 100 கஜத்தில் தாளில் மூன்று அங்குலத்துக்குள் சேர்ந்தது. எல்லாம் சரி என்று நினைத்தேன்.

மாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும். ஒரு பெண் மான் நேர் எதிரே வந்து, 15 கஜத்தில் தலையைக் குனிந்து ஓக் கொட்டைகளைப் பொறுக்கியது. நெஞ்சு என் பக்கம், உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு. கழுத்தும் வலது முன்சப்பையும் (தோளும்) சேரும் இடத்தில் வைத்து விசையை இழுத்தேன். காற்றே இல்லை. பச்சை விறகை அடுப்பில் திணித்த மாதிரி எதிரே வெள்ளைச் சுவர். அதற்குப் பின்னால் சரிவில் இறங்கி ஓடும் குளம்புச் சத்தம் மட்டும்தான்.

நின்ற இடத்தில் ஒரு சிட்டிகை பழுப்பு முடி. ரத்தம் இல்லை. முப்பது அடி தள்ளி நாலு சொட்டு. அப்புறம் ஓடை வரைக்கும் ஒன்றுமில்லை, இருட்டிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம், சுட்ட இடத்திலிருந்து 350 கஜம் இருக்கும், கிடந்தது. கயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு) இரண்டு பின்தொடையையும் தின்றிருந்தது. முதுகு இறைச்சி மட்டும் தேறியது.

திறந்து பார்த்தேன். குண்டு வலது சப்பை எலும்பில் மோதி, உள்ளங்கை அகலத்துக்கு இறைச்சியைக் கூழாக்கியிருக்கிறது. வலது நுரையீரலின் முன்பக்கம் கிழிந்திருக்கிறது. இடது நுரையீரல் முழுசாக இருக்கிறது. வெளியேறிய ஓட்டை எங்கும் இல்லை. விலா எலும்பில் ஒட்டிக்கிடந்த துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 11 கிராம். போகும்போது 19 கிராம்.

இன்னும் கனமான குண்டுக்கு மாறலாமா? செம்புக் குண்டு வாங்கலாமா? இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேர்கோடு

குண்டைக் குறை சொல்லாதீர்கள். சப்பையின் மேல்பாதியில், முதுகெலும்புக்குப் பக்கத்தில் அடித்திருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும். ரத்தத்தடம் தேடும் வேலையே இல்லை. நான் எப்போதும் அப்படித்தான்.

டிக்கிங் துணி (பென்சில்வேனியா)

தம்பி மலைச்சரிவு, நேர்கோடு சொல்வதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் தராசு.

நான் இருக்கும் ஊரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு சீசன் தொடங்கும். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும். 1974இலிருந்து நடக்கிறது. ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி) கிடையாது. கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணியில் விழுந்து, கிண்ணி மருந்து பற்றி, அது ஓட்டை வழியே உள்ளே போய், அப்புறம்தான் வெடி. தூறல் விழுந்தால் கிண்ணி மருந்து கூழ். என்னுடையதில் 70 கிரெயின் கரிமருந்து, தலையணை உறைத் துணியில் சுற்றிய ஈய உருண்டை. உருண்டையின் விட்டம் .490 அங்குலம், எடை 177 கிரெயின். கிராமில் பதினொன்றரை.

உன் குண்டில் மிஞ்சிய துண்டும் என் முழு உருண்டையும் கிட்டத்தட்ட ஒரே எடை. என் உருண்டை கிளம்பும்போது வினாடிக்கு 1,700 அடி போனால் பெரிது. 100 கஜம் தாண்டுவதற்குள் ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதனால் 60 கஜத்துக்கு மேல் நான் தூக்குவதே இல்லை. இரண்டு வருஷம் முன்பு 40 கஜத்தில் பக்கவாட்டில் நின்ற ஒரு பெண் மான். உருண்டை இரண்டு விலாவுக்கு நடுவே நுழைந்து, இரண்டு நுரையீரலையும் துளைத்து, மறுபக்கத் தோலைக் கிழித்து வெளியே போய்விட்டது. மான் ஐம்பதடி ஓடி உட்கார்ந்தது. பனியில் இரண்டு பக்கமும், யாரோ குங்குமம் சிந்திக்கொண்டே போன மாதிரித் தடம்.

அப்படியானால் உன்னுடையது ஏன் போகவில்லை? கடைக்காரர் சொன்ன பவர்தான் காரணம். மெத்தென்ற ஈயத்துக்கு 15 கஜம்தான் மிகக் கடுமையான சோதனை, 100 கஜம் இல்லை. கிட்டத்தில் வேகம் முழுசாக இருக்கிறது. அந்த வேகத்தில் முதலில் சந்தித்ததே சப்பை எலும்பு. குழி முனை உடனே விரிந்து, தட்டையாகி, ஓரமெல்லாம் பிய்ந்து, உள்ளே போக வேண்டிய பலம் வாசலிலேயே தீர்ந்துவிட்டது. இதே குண்டு 100 கஜத்தில் விலாவில் பட்டிருந்தால் நீ இங்கே வந்து அதைப் புகழ்ந்திருப்பாய்.

ஆகக் குண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு கோணத்துக்கு.

ஆட்டுக்கறிக் கடையில் முழு ஆடு தொங்குவதைப் பார்த்திருப்பாய். முன்னங்காலை ஒரு பக்கம் விலக்கினால் அதற்குப் பின்னால், கீழ்ப்பாதியில்தான் இதயம். நுரையீரல் அதன் மேலேயும் பின்னாலேயும் பரவியிருக்கும். மானிலும் அதேதான். பக்கவாட்டில் நிற்கும் மானில் நமக்குக் கிடைக்கும் இடம் எட்டு அங்குலத் தட்டு, ஒரு தோசை அளவு கூட இல்லை. எதிரே சாய்ந்து நிற்கும்போது அந்தத் தோசையை மடித்துச் சப்பை எலும்புக்குப் பின்னால் ஒளித்துவைத்த மாதிரி. பரண் மேலிருந்து பார்க்கும்போது இன்னும் குறுகும். உன் குண்டு எலும்பையும் தாண்டி, ஒரு நுரையீரலில் தொடங்கி, குடல் பக்கம்தான் போயிருக்கும். நடுவில் நின்றதால் குடல் தப்பியது.

நான் ஒரு காரியம் செய்வேன், சிரிக்காதே. ஒவ்வொரு வருஷமும் மானைத் தொங்கவிட்டு, குடலை எடுத்த பிறகு, நீளமான கபாப் கம்பியை விலாவுக்குள் விட்டு மறுபக்கம் எங்கே வருகிறது என்று பார்ப்பேன். எதிர்ச்சாய்வு, பின்சாய்வு, பரண் உயரம், எல்லாக் கோணத்திலும். நாலு மான் அப்படிப் பார்த்தபின் தோலில் புள்ளி தேடும் பழக்கமே போய்விட்டது. இப்போது மறுபக்கம் எங்கே வெளியேற வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். மான் உன்னை விட்டு விலகிச் சாய்ந்து நின்றால் தூரத்து முன்னங்காலை நினைத்துக்கொண்டு சுடு. உன் பக்கம் நெஞ்சைக் காட்டிச் சாய்ந்து நின்றால் சுடாதே. அது ஓக் கொட்டை தின்கிறது, எங்கே போய்விடும்? திரும்பும்.

இன்னொன்று. வெளியேறும் ஓட்டை இல்லையென்றால் ரத்தம் ஏன் விழவில்லை என்று கேட்பாய். குடத்தின் கழுத்தருகே ஓட்டை போட்டால் தண்ணீர் அந்த மட்டம் வரும்வரை வெளியே வராது. மேலிருந்து சுட்ட ஓட்டை உயரத்தில் இருக்கிறது, நெஞ்சுக்கூடு நிரம்பும்வரை மான் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழே ஓர் ஓட்டை வேண்டும். அதற்குத்தான் இத்தனை பேச்சும்.

நேர்கோடு, உங்கள் உயர்ந்த சப்பை அடி விழுந்தால் விழும், மறுக்கவில்லை. இரண்டு அங்குலம் மேலே போனால்? முதுகெலும்பின் மேல்முட்களில் பட்டு மான் தடாலென்று விழும், சுட்டவர் சந்தோஷமாகக் கைபேசியை எடுப்பார், அரை நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடும். நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது, குண்டு அதில் போய்விட்டது என்று பிறகு கதை சொல்வார்கள். அப்படி ஒரு வெற்றிடம் கிடையாது. நுரையீரல் எலும்பை ஒட்டியே இருக்கிறது. கம்பி விட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.

புகை விஷயம் எல்லோருக்கும் நடப்பது. சுடுவதற்கு முன்பே மான் எந்த மரத்தை ஒட்டி நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள். சுட்டவுடன் குனிந்து புகைக்கு அடியில் பார். பின்காலை உதைத்துக்கொண்டு பாய்ந்தால் பெரும்பாலும் இதயப் பக்கம். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தால் குடல், அன்று ராத்திரி அதைத் தொடாதே. ரத்தம் வெளிர்சிவப்பாய் நுரை கட்டியிருந்தால் நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பென்றால் ஈரல், மூன்று நாலு மணி நேரம் விடு. பச்சையாய் நாற்றமடித்தால் எட்டு மணிக்குக் குறையாமல். கயோட்டி இருக்கிற ஊரில் இது கஷ்டம்தான். ஓஹையோவில் காயப்பட்ட மானைத் தேட ஒரு நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போகலாம், அந்த வேலைக்கே நாய் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை ஒரு எண்ணைப் பையில் வைத்துக்கொள்.

பரணிலிருந்து இறங்கும் முன் மறுபடி கெட்டித்துக்கொள், ஆனால் ப்ரைமரைக் கழற்றிவிட்டுத்தான் கயிற்றில் இறக்க வேண்டும். இதை மறந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, போனது தொப்பி மட்டும்தான்.

வன்னி இடியன் (ஒன்டாரியோ)

எங்கட ஊரில் இதுக்கு இடியன் துவக்கு என்று பெயர். குழாயின் வாயால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பைத் திணித்து, கம்பியால் இடிக்கிறதால் இடியன். அப்புவிடம் பயிர் காக்கிறதுக்கு உரிமத்தோடு ஒன்று இருந்தது. மருந்தைக் கூட்டிப் போட்டால் சன்னம் (குண்டு) தூரம் போகும் என்று நான் சின்ன வயதில் சொன்னதுக்கு, “கூட்டிப் போட்டால் சத்தம்தான் தூரம் போகும்” என்றார்.

டிக்கிங் அண்ணை சொன்னதோடு எனக்கு முழுச் சம்மதம், ஒரு இடத்தைத் தவிர. செம்புச் சன்னத்தைக் கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லவில்லை. நான் ஏழு வருஷமாக 250 கிரெயின் முழுச் செம்பு, பிளாஸ்டிக் சேபோ உறையோடு, இரண்டு வில்லை மருந்து. சப்பை எலும்பில் பட்ட இரண்டு மான்கள். இரண்டிலும் வெளியே போனது. வேறொரு மானில் மட்டும் தோலுக்கடியில் நின்றது, அது நீளவாக்கில் போனது. எடுத்துப் பார்த்தால் ஆறு இதழ் விரிந்த பூ, இதழ் ஒன்றும் உதிரவில்லை. ஈயத்தூள் இறைச்சியில் கலக்காது என்கிறது வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவைக்குப் பெரிய விஷயம்.

ஆனால் தம்பி, சன்னத்தை மாத்த முதல் குழாயின் முறுக்கை, உள்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுது என்கிறதை, பாரும். இன்லைனில் வழக்கமாக 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது சேபோவுக்குச் சரி. அண்ணையின் உருண்டைக்கு 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாக வேணும். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு உருண்டையை உம்மட துவக்கில் நிறைய மருந்தோடு போட்டால் துணி வரியைப் பிடிக்காது, எங்கே போகுதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

டிக்கிங் துணி

ஒத்துக்கொள்கிறேன். செம்பு எனக்குப் பழக்கமில்லாததால் வாயைத் திறக்கவில்லை. அப்பு சொன்னதை என் மருந்துக் கொம்பில் எழுதி ஒட்டப்போகிறேன்.

நேர்கோடு

நான் இன்னமும் சப்பைதான். ஆனால் அந்தக் கம்பி வேலையை இந்த வருஷம் செய்து பார்க்கிறேன்.

மலைச்சரிவு

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். இடியன் அண்ணா சொன்ன 250 கிரெயின் செம்பு, இரண்டு வில்லை. என் குழாய் முறுக்கு 28தான், குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு அளந்தேன். 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் சேர்கிறது. 50இல் ஓர் அங்குலத்துக்குள் சேர்கிறது, குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே. தோள் வலிக்கவில்லை. மூன்று வில்லை போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரர் இப்போதுதான் சொன்னார். போன மாதமும் அவர் அங்கேதான் இருந்தார்.

கபாப் கம்பிக்கு மான் இல்லை. அதனால் தெரிந்தவரிடம் முழு ஆடு ஒன்று சொல்லியிருக்கிறேன், தொங்கவிட்டுப் பார்த்த பிறகு பிரியாணி. மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: கம்பி வீட்டுக் கம்பியாக இருக்கக் கூடாது.

டிக்கிங் அண்ணா, ஒரு சந்தேகம் பாக்கி. 18 அடி உயரத்திலிருந்து 15 கஜத்தில் பக்கவாட்டில் நின்றாலும் குண்டு சாய்ந்துதானே போகும், அப்போது இந்தப் பக்கம் எவ்வளவு மேலே வைப்பது?

டிக்கிங் துணி

மறுபக்க முழங்கை மடிப்புக்கு மேல் நாலு விரல் உயரத்தில் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கோடு போடு. அந்தத் தூரத்தில் உன் பக்கம் நெஞ்சின் நடுக்கோட்டை ஒட்டி, கொஞ்சம் மேலே வரும். ஆட்டில் சரிபார்த்துவிட்டு எழுது. பிரியாணியைப் பற்றியும் எழுது.