பாரம்பரியப் பகுதி அறிவிப்பால் சொத்து விலை ஏறுமா, இறங்குமா? அளக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு பகுதியைப் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்தால் அங்கே சொத்து விலை என்னவாகும் என்று ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இடிக்க முடியாது, மாடி கூட்ட முடியாது, ஜன்னல் மாற்றவும் அனுமதி வேண்டும் என்றால் வாங்குபவர் தயங்குவார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்ப மாட்டார் என்ற உறுதி கிடைக்கிறதே, அதற்கும் ஒரு விலை உண்டு.

சிக்கல் அளப்பதில்தான். ஏற்கெனவே மவுசு கூடிவரும் அழகான தெருக்களைத்தான் பெரும்பாலும் அறிவிக்கிறார்கள். அப்புறம் விலை உயர்ந்தால் அது அறிவிப்பால் வந்ததா, முன்பே இருந்த போக்கா? எல்லைக்கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வீடுகளை அறிவிப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். சரி, ஆனால் வெளியே இருக்கும் வீட்டுக்கும் அந்த அழகின் பலன் போய்ச் சேருகிறது, கட்டுப்பாடு மட்டும் கிடையாது. இதை எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று, கட்டும் உரிமையை வேறு மனைக்கு மாற்றும் முறை, அதாவது இங்கே கட்ட முடியாமல் போன அளவை வேறு மனையில் கட்டிக்கொள்ளும் உரிமையாக மாற்றுவது அல்லது விற்பது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட நியூயார்க் நகரம் அனுமதி மறுத்தது செல்லும் என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த உரிமையும் கணக்கில் வந்தது. வாங்க ஆளில்லாவிட்டால் அது வெறும் காகிதம்தானே?

சொத்து மதிப்பீட்டிலோ நகரத் திட்டமிடலிலோ இருப்பவர்கள், இத்தகைய கட்டடங்களுக்கு நடைமுறையில் எப்படி விலை வைக்கிறீர்கள், வங்கிகள் கடன் தருவதில் தயங்குகின்றனவா என்று சொல்லுங்கள். வாடகைதாரர்கள் மேல் ஏற்படும் விளைவு பற்றிய ஆய்வு தெரிந்தால் இன்னும் நல்லது.