ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) வீரர் ஒருவரை அவருடைய தொடக்க நாட்களில் பார்த்திருக்கிறீர்களா? இணைய மன்றத்தில் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

இரவு ஓட்டுநர்

கிளப்புகள் இளம் வீரர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த வாரம். மெல்பர்னின் துல்லமரீன் விமான நிலையத்தில் பெர்த் விமானத்திலிருந்து இறங்கிய ஒரு பையன் என் டாக்சியில் ஏறினான். அவனை அழைத்துப்போக வேண்டியவர் எங்கோ மாட்டிக்கொண்டதால் முகவரியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். எந்தக் கிளப் என்று சொல்லமாட்டேன். தலையில் அந்தக் கிளப்பின் புதுத் தொப்பி, விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு பழைய ஷெரின் பந்து, ஃபுட்டி ஆடும் பந்து. சிவப்புத் தோல் தேய்ந்து பழுப்பாகியிருந்தது. வழியெல்லாம் கட்டைவிரலால் அதன் தையலைத் தடவிக்கொண்டே வந்தான்.

அவனைத் தங்கவைக்கப்போகும் குடும்பத்தின் வீட்டுக்கு ஒரு தெரு முன்னால், “இங்கே கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்றான். மீட்டரை நிறுத்தினேன். பேசாமல் இருந்தான். பிறகு, “உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்?” என்று கேட்டான். வல்வெட்டித்துறையில் என்றேன். “பார்த்து எத்தனை வருடம்?”

“பதினொன்று” என்றேன். பொய் சொல்ல வரவில்லை. தையலைத் தடவிய அவன் கட்டைவிரல் நின்றுவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, விடுவிக்கப்பட்ட வீரர்களின் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்தேன். முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. என் பதிலால் அப்படி ஆனது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

வேவர்லியில் நின்றவன்

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ஜிம் ஸ்டைன்ஸின் 37ஆம் எண் சட்டைதான் கண்முன் வந்தது. 1987 செப்டம்பர், வேவர்லி மைதானம், மெல்பர்ன் அணிக்கும் ஹாதார்ன் அணிக்கும் இறுதிப்போட்டிக்கு முந்தைய ஆட்டம். 1964க்குப் பிறகு மெல்பர்ன் இறுதிச் சுற்றுகளுக்கு வந்ததே அந்த ஆண்டுதான். நான் இந்த நாட்டுக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. தொழிற்சாலையில் உடன் வேலை செய்த கிரேக்க நண்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். விதி ஒன்றும் எனக்குத் தெரியாது.

ஜிம் ஸ்டைன்ஸ் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அயர்லாந்தில் டப்ளின் இளையோர் அணியில் உருண்டைப் பந்தில் ஆடும் கேலிக் கால்பந்து ஆடியவர், 1984இல் கடல்கடந்து வந்து முட்டைவடிவப் பந்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர். முதல்தர ஆட்டத்துக்கு வந்த முதல் பருவம் அது. கடைசி நொடிகளில் ஹாதார்னின் பக்கனாரா உதைக்க நிற்கிறார், தூரம் அதிகம். ஸ்டைன்ஸ் விதியை மீறிக் குறுக்கே ஓடிவிட்டார். அதற்குத் தண்டனையாக நடுவர் பக்கனாராவை 15 மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு அவர் உதைத்த பந்து கோல். இரண்டே புள்ளி வித்தியாசத்தில் மெல்பர்ன் தோற்றது.

என் நண்பர் மெல்பர்ன் அணியின் சிவப்பு நீலச் சால்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. உயரமான பையன் ஒருவன் மைதானத்தில் தனியாக நின்றதை மட்டும் பார்த்தேன். யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. “அவன் வெளிநாட்டுப் பையன்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே பையன் 1991இல் அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினான், ஒன்றுகூட விடாமல் அடுத்தடுத்து 244 ஆட்டங்கள் ஆடினான். 2012 மார்ச்சில் 45 வயதில் புற்றுநோயால் இறந்தபோது, அரசு மரியாதை நடந்த செயின்ட் பால் தேவாலயத்துக்கு வெளியே நானும் நின்றேன்.

பதினெட்டு பிஹைண்ட்

ஐயா மன்னிக்கவேண்டும், இதை விட்டுப்போக மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் ஸ்டைன்ஸின் அந்த ஓட்டத்தையே பேசுகிறார்கள். அன்றைய கணக்கை எடுத்துப் பாருங்கள். கோலுக்கு 6 புள்ளி, கம்பத்துக்குப் பக்கத்தில் போகும் பிஹைண்டுக்கு 1 புள்ளி. மெல்பர்ன் 10 கோல், 18 பிஹைண்ட், மொத்தம் 78. ஹாதார்ன் 11 கோல், 14 பிஹைண்ட், மொத்தம் 80. பதினெட்டு முறை கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தவறவிட்ட அணி அது. அவற்றில் ஒன்று உள்ளே போயிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. மெல்பர்னுக்காக 272 ஆட்டங்கள் ஆடிய ராபர்ட் ஃப்ளவருக்கு அது கடைசி ஆட்டமாகிப்போனது எனக்கும் வலிக்கிறது. அதற்காக 21 வயதுப் பையன் தலையில் எல்லாவற்றையும் கட்டவேண்டுமா? உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் நார்த்தி ஸ்டைன்ஸைத் திட்டிய காட்சியைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. என்னால் அதை இன்றும் ஏற்க முடியவில்லை.

வேவர்லியில் நின்றவன்

நான் அவரைக் குறை சொல்லவில்லை தம்பி. அவர் தனியாக நின்றதைத்தான் சொன்னேன்.

கிளேட்டன் அப்பா

என் அனுபவம் சின்னது. என் மகனுடைய பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய ஒரு பையன், பெயர் அழைக்கப்படாத டிராஃப்ட் இரவில், எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆறு தோசை சாப்பிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் ஓட்டுநர் அண்ணாவுக்கும், இதைப் படிக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். பிள்ளை ஆஸ்கிக் என்ற சிறுவர் ஃபுட்டி பயிற்சியில் ஐந்து வயதில் சேரும்போது யாரும் எதையும் யோசிப்பதில்லை. பதினைந்து, பதினாறு வயதில் வட்டார அணிக்குத் தேர்வானதும் வீட்டின் மொத்த வாரமும் மாறிவிடும். வாரத்தில் மூன்று மாலை பயிற்சி, சனி ஞாயிறு பயணம். பிறகு 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்தில் எவ்வளவு உயரம் எகிறுகிறான் என்று எல்லாவற்றையும் அளப்பார்கள். அந்த அளவுகளை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

பெற்றோரில் ஒருவர் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்தவராக இருந்தால், கிளப்புகள் நடத்தும் அடுத்த தலைமுறைப் பயிற்சிக்கூடங்களில் சேர வழி உண்டு. நம்மில் பலருக்கு இது தெரிவதே இல்லை. கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். டிராஃப்டில் எடுக்கப்படும் பையனுக்குத் தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அதில் முதல் ஆண்டு உடம்பைத் தேற்றவே போய்விடும்.

முதலாவதாக எடுக்கப்பட்டாலும் சுமை குறையாது. டாம் பாய்ட் 2013 டிராஃப்டில் முதல் பெயர். அடுத்த ஆண்டே பெரும் ஒப்பந்தத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்புக்குப் போனார். 2016 இறுதிப்போட்டியில் மூன்று கோல் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2019இல் 23 வயதில் ஆட்டத்தை விட்டே விலகினார். பதினெட்டு வயதில் தலையில் ஏற்றப்படும் சுமை அப்படிப்பட்டது. அண்ணா, அந்தப் பையனிடம் நீங்கள் “அம்மாவிடம் தினமும் பேசு” என்று சொல்லியிருக்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம்

கிளேட்டன் அப்பா சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். எல்லாம் பதினெட்டு வயதிலேயே முடிவாகிவிடுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். 2019 செப்டம்பரில் பிரின்சஸ் பூங்காவில் வி.எஃப்.எல். எனும் இரண்டாம்நிலைப் போட்டித்தொடரின் இறுதிப்போட்டி பார்க்க மகளோடு போயிருந்தேன். ரிச்மண்டின் 50ஆம் எண், மார்லியன் பிக்கெட். வயது 27, நான்கு குழந்தைகளின் தகப்பன், அந்த ஆண்டின் இடைப்பருவ டிராஃப்டில் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அன்று மைதானத்தின் சிறந்த வீரர் அவர்தான். ஆட்டம் முடிந்து எங்கள் வேலியோரம் நடந்து போனார். மகள் கையை நீட்டினாள். நின்று, அவள் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார். அவர் கை முழுவதும் புல் ஒட்டியிருந்தது என்று மகள் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, ஜாக் கிரஹாமின் தோள் காயத்தால் வந்த இடத்தில், பிக்கெட்டின் முதல் ஆட்டம், ஏ.எஃப்.எல். எனும் முதல்தரப் போட்டித்தொடரில். அது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் (எம்.சி.ஜி.) இறுதிப்போட்டி! இறுதிப்போட்டியிலேயே ஒருவர் அறிமுகமாவது 1952க்குப் பிறகு அதுதான் முதல்முறை. பந்தோடு ஒரு சுழற்சி சுழன்று எதிராளியை ஏமாற்றினாரே, அப்போது மகள் தொலைக்காட்சியின் முன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் கோலும் அடித்தார். ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

ஓட்டுநர் அண்ணா, உங்கள் பையன் இப்போது எங்கேனும் மாநில அணியில் ஆடிக்கொண்டிருக்கலாம். தேடிப் பார்த்தீர்களா? அன்று அந்தத் தெருவில் அப்புறம் என்ன நடந்தது?

இரவு ஓட்டுநர்

தேடவில்லை. தேடினால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

தெருவில் நடந்தது இதுதான். பத்து நிமிடம் இருந்திருப்போம். “போகலாம்” என்றான். வீட்டு வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். தொப்பியிலிருந்த விலைச்சீட்டைச் சொன்னேன், பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின்பெட்டியிலிருந்து பைகளை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. “இதைக் கொஞ்சம் பிடியுங்கள்” என்று பந்தை என்னிடம் கொடுத்தான். நான் அதுவரை ஷெரின் பந்தைத் தொட்டதில்லை. தையல் இருந்த பக்கம் முழுவதும் வியர்வையில் நனைந்து, சூடாக இருந்தது.