நம்ம வீடு குழு: சனிக்கிழமை ஏரிக்குப் போகலாமா?

வியாழன், இரவு

8:12 சின்னவன்: [படம்] ஏரி உறைந்துவிட்டது! துளை போட்டு அளந்தோம், 5 இன்ச். சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர், நண்பனின் பிக்கப்பில் நேராக நடு ஏரிக்கே போய் மீன் பிடிக்கப் போகிறோம்.

8:13 அம்மா: எதன் மேலே வண்டி ஓட்டப் போகிறாய்?

8:13 சின்னவன்: ஐஸ் மேலே அம்மா. எல்லாரும் ஓட்டுவார்கள்.

8:14 அம்மா: எல்லாரும் என்றால் யார் யார்? ஒரு பெயர் சொல்லு.

8:14 நான்: 😂

8:15 அம்மா: நீ சிரிக்காதே. சித்தப்பாவைக் கூப்பிடு.

8:17 சித்தப்பா: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணி. டேய், நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார். டேப்பை ஒட்டி மேலே இருக்கிற ஐஸ் என்ன நிறம்?

8:18 சின்னவன்: வெள்ளை. 2 இன்ச் இருக்கும். அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி.

8:21 சித்தப்பா: செவ்வாய்க்கிழமை பெய்த பனியின் வேலை அது. பனியின் பாரத்தில் ஐஸ் அமுங்கும், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும், பனியோடு கலந்து கூழாகி அப்படியே உறையும். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. பலம் பாதிதான். 2 இன்ச் வெள்ளையை 1 என்று எழுதிக்கொள். உன் கணக்கு 5 இல்லை, 4.

8:22 சின்னவன்: 4 போதும் என்றுதானே சொல்வார்கள்?

8:23 சித்தப்பா: நடந்து போக. அதுவும் 4 என்பது கடைசிப் படி, அதற்குக் கீழே கால் வைக்கவே கூடாது. பிக்கப்புக்கு 12 முதல் 15 இன்ச் நல்ல ஐஸ் வேண்டும்.

8:24 சின்னவன்: மூன்று மடங்கா? கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறீர்கள் சித்தப்பா.

8:29 சித்தப்பா: கோல்டு என்று ஒரு கனடாக்காரர் 1971இல் எழுதிய கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தடிமனை சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கு, பிறகு 4ஆல் பெருக்கு. அத்தனை கிலோ தாங்கும். உன் 4 இன்ச் 10 செ.மீ. அப்படியென்றால் 400 கிலோ. பிக்கப் எத்தனை கிலோ?

8:31 சின்னவன்: 2,300. ஆள், சாமான் எல்லாம் சேர்த்தால் 2,600 😐

8:32 சித்தப்பா: ம். இன்னொன்றையும் கவனி. தடிமன் பாதியானால் தாங்கும் எடை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். ஒரு இடத்தில் ஐஸ் கொஞ்சம் மெலிந்திருந்தாலே கதை மாறிவிடும் என்பது அதனால்தான். சரி, துளை எங்கே போட்டீர்கள்?

8:33 சின்னவன்: படகுத்துறைப் பக்கம். கரையிலிருந்து பத்து அடி.

8:34 சித்தப்பா: ஒரே துளையா?

8:34 சின்னவன்: ஒரே துளை.

8:38 சித்தப்பா: கரையோரம் ஆழம் கிடையாது, சீக்கிரம் குளிர்ந்து முதலில் உறையும். நடு ஏரியில் மேல் தண்ணீர் குளிரக் குளிரக் கனமாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மொத்தத் தண்ணீரும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேலே ஐஸ் கட்டத் தொடங்கும். காற்றடித்தால் அதுவும் தள்ளிப் போகும். கரையில் இரண்டு வார ஐஸ் என்றால் நடுவில் நாலு நாள் ஐஸாக இருக்கலாம். ஓடை வந்து விழும் இடமும் பாலத்துக்கு அடியும் இதைவிட மோசம்.

8:40 சின்னவன்: ஆனால் எதிர்க்கரையிலிருந்து, பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியின் தடம் ஒன்று நடு ஏரி வரை தெரிகிறது சித்தப்பா.

8:41 சித்தப்பா: போன தடம் தெரிகிறது. வந்த தடம்?

8:41 நான்: சித்தப்பா 😳

8:43 நான்: எனக்கு ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி ஏரியிலிருந்து டம் டம் என்று சத்தம் வந்தது. உடைகிறதா?

8:45 சித்தப்பா: குளிரில் ஐஸ் சுருங்கும், வெயிலில் விரியும், அப்போது விரிசல் விட்டுச் சத்தம் போடும். சத்தத்தை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

8:52 சித்தப்பா: நான் ஒரு வருடம் 13 இன்ச் இருக்கிறது என்று காரை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே துளை போட்டு உட்கார்ந்தேன். மீன் நன்றாகக் கடித்ததால் மூன்று மணி நேரம் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் துளையிலிருந்து தண்ணீர் வழிந்து டயரைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. நின்ற பாரத்தில் ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்திருக்கிறது. பெல்ட் போடாமல், கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்தேன். இது உங்கள் சித்திக்குத் தெரியாது.

8:53 சித்தி: இப்போது தெரியும்.

8:53 அம்மா: சின்னவனே, வண்டி கிடையாது. முடிந்தது.

8:55 சின்னவன்: சரி அம்மா. நடந்து போகலாமா சித்தப்பா?

9:01 சித்தப்பா: போகலாம். கடப்பாரையை முன்னால் இடித்துக்கொண்டே நட, ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் திரும்பு. 150 அடிக்கு ஒரு துளை போட்டு அள. மூவரும் தள்ளித் தள்ளி நடங்கள். மிதவை ஜாக்கெட் கட்டாயம். பிடி வைத்த இரண்டு ஆணிகள் கழுத்தில் தொங்க வேண்டும், பையில் இருந்தால் பிரயோஜனமில்லை. விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாரி இறைக்கும், அதை மட்டும் சமாளி. கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். வந்த பக்கமே திரும்பி, ஆணியைக் குத்தி, காலை உதைத்து ஏறு. ஏறியதும் எழுந்து நிற்காதே, உருண்டு வா.

9:02 அம்மா: இதைப் படித்த பிறகு நான் எப்படித் தூங்குவது?

சனி, காலை

7:50 சின்னவன்: நடந்துதான் வந்திருக்கிறோம். கரையில் 5½, அதில் வெள்ளை 2. 150 அடியில் 5, வெள்ளை 1½.

7:52 சித்தப்பா: 4½, 4¼. போ.

8:16 சின்னவன்: 300 அடி. 4, வெள்ளை 1.

8:16 சித்தப்பா: 3½. நில்.

8:19 சின்னவன்: நின்ற இடத்திலிருந்தே எட்டிக் கடப்பாரையால் ஒரு குத்து குத்தினேன். தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஸ்னோமொபைல் தடம் இங்கிருந்து நாற்பது அடி தள்ளித்தான் போகிறது.

8:19 சித்தப்பா: வந்த வழியே திரும்பு. இடைவெளி விட்டு.

8:20 அம்மா: கரை ஏறியதும் படம் அனுப்பு. காலும் தெரிய வேண்டும், மண்ணும் தெரிய வேண்டும்.

8:41 சின்னவன்: [படம்]

8:42 அம்மா: மூன்று பேர் என்றாய். நாலு ஜோடி பூட்ஸ் இருக்கிறதே?

8:43 சின்னவன்: ஒருவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அளவைச் சொல்லிக் கூடவே கூட்டிவந்துவிட்டோம்.